கத்தரிப்பூ நிற லுங்கி

பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் மண்டலே ரயில்வே குடியிருப்பில் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. ரயில் நின்றுபோனது. சிக்னல்காரரான என் புருஷன் கோ லுவினும் வீட்டில்தான் இருந்தார். வேலைக்குத் திரும்பாதவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஒலிபெருக்கியில் கத்திவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"உனக்கு வீடு வேண்டாமா?" என்றார். எனக்கும் வேண்டும்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

அன்றிலிருந்து மொஹிங்கா நூடுல்ஸ் விற்கிறவள் பானை நிறைய வைத்துக்கொண்டே எனக்கு மட்டும் "தீந்துபோச்சு" என்பாள். பக்கத்து வீட்டு மா சபே ஒருத்திதான் என்னோடு பேசினாள். அவள் புருஷன் இன்ஜின் டிரைவர். வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றதால் தலைமறைவு.

வீடுகளைக் காலி செய்ய ராணுவ லாரி வருகிறது என்று தெரிந்ததும் பெண்கள் சந்தின் குறுக்கே கயிறு கட்டி, இடுப்பில் உடுத்தும் தங்கள் லுங்கிகளைத் தொங்கவிட்டார்கள். பெண் உடுத்திய லுங்கிக்குக் கீழே நடந்தால் ஆம்பளையின் மகிமை போய்விடுமாம். வெறுங்கையோடு நிற்கிறவனைச் சுடுகிற வீரர்களுக்குப் பழந்துணி என்றால் நடுக்கம்.

"ஒங்க வீட்டுது ஒண்ணும் இல்லியா அக்கா? இல்ல, சாருகிட்ட கேக்கணுமா?" என்றாள் சபே.

உள்ளே போய்க் கத்தரிப்பூ நிற லுங்கியை எடுத்துவந்து நானே கட்டினேன். கல்யாணத்துக்கு அவர் வாங்கித் தந்தது.

லாரி சந்து முனையிலேயே நின்றது. எந்தச் சிப்பாயும் கயிற்றைத் தொடவில்லை. கேப்டன் என் புருஷனைக் கூட்டிவரச் சொன்னான்.

"நீ அவுருடா."

அவரும் ஆம்பளைதானே. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொன்றாக உருவினார். என்னுடையது வந்ததும் கை நின்றது.

"யாருதுடா அது?"

ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்தார். "டிரைவர் பொண்டாட்டிது சார். எல்லாம் அவ கட்டினதுதான்."

சபேயைத் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். நான் ஓடிப்போய்க் குறுக்கே விழுந்தேன். "அது என்னுது. இவருதான் வாங்கிக் குடுத்தாரு. கேளுங்க."

கேப்டன் அவரைப் பார்த்தான்.

"அவளுக்குக் கொஞ்சம் மூளை சரியில்ல சார்," என்றான் என் புருஷன். அதற்குமேல் அவனை அவர் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. சபேயை லாரியில் ஏற்றினார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், திட்டவில்லை. எங்களுக்கு வீடு மிஞ்சியது.

அவன் கைகளை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"தண்ணி ஊத்து. பொம்பளத் துணியத் தொட்டுட்டேன். மகிமை போயிடும்."

"போறதுக்கு ஒங்கிட்ட இன்னும் என்ன இருக்கு?" என்று கேட்டேன்.