வருங்கால நோயாளிகள் வந்த நாள்

மருத்துவக் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவு செய்யும் நாளில் நம்முடைய வருங்கால நோயாளிகள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அது வழக்கம்தான். எனக்கு வந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டார்கள். நான் அப்போது பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டு ரோகிணிக்குப் போன வருடம் நான்கு பேர்தான் வந்தார்கள். நால்வரில் மூன்று பேர் தேமல்காரர்கள். அம்மா அதை மனதில் வைத்துக் கொஞ்சமாகத்தான் மாவு அரைத்திருந்தாள். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்ததும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. செருப்புகள் கேட்டைத் தாண்டித் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் போயிருந்தன.

"என்ற கல்யாணத்துக்குக்கூட இத்தனை ஒறம்பரை வரல," என்றாள்.

எங்கள் தாராபுரத்து வீட்டின் நடை மிகவும் குறுகலானது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அன்று ஆள் வர வர அது நீண்டுகொண்டே போனது. யாரும் நெருக்கியடித்து உட்காரவில்லை. கடைசியில் இருந்தவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை. அப்பா மொபெட்டில் டீ டிரம்மைக் கட்டிக்கொண்டு நடைக்குள் போனார். வெகுநேரம் கழித்துத் தலையைத் துவட்டிக்கொண்டே திரும்பி வந்தார். அந்தக் கோடியில் தூறல் என்றார்.

நான் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். என் ரேங்க்குக்கு அநேகமாக எந்தக் கல்லூரியும் கிடைக்கும். அதுதான் சிக்கல். வரிசையை மாலைக்குள் பூட்ட வேண்டும்.

அம்மாவுக்குக் கடற்கரைக் கல்லூரி பிடித்திருந்தது. அது பேர்போனது, தவிர சித்தி வீடு பக்கம். எனக்கு மலைமேல் இருக்கும் கல்லூரி மீது ஆசை. அங்கே மாணவர்கள் வெள்ளைக் கோட்டுக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார்களாம். அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் கல்லூரியைச் சொன்னார். ரசத்தைச் சூடாகக் கொண்டுவந்து கொடுத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

முதலில் கடற்கரைக் கல்லூரியை மேலே வைத்தேன். வீடு முழுக்க ஒருமுறை செருமிக்கொண்டது.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் முத்துக்குமரேசன் என்பவர் இருந்தார். மஞ்சள் மண்டியில் கணக்குப் பார்ப்பவர். இன்னும் பல வருடம் கழித்து அவருடைய பித்தப்பையிலிருந்து நான் ஒரு கல்லை எடுப்பேன். அதைக் கையோடு டிபன் பாக்ஸில் கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்து காட்டினார். சுண்டைக்காய் அளவு.

மலைக் கல்லூரியை மேலே இழுத்தேன். அவர் மறுபடி திறந்தார். நெல்லிக்காய்.

"கடல்பக்கமே இருக்கட்டுமுங்க டாக்டரம்மா," என்றார் தாழ்ந்த குரலில்.

எனக்கு வயது பதினெட்டு. என்னை முதன்முதலாக ஒருவர் டாக்டரம்மா என்றார். காதுமடல் சூடாகிவிட்டது.

சோபாவில் திலீபனும் பிரதாபனும் ஒரே நிறச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். இரட்டையர்கள். மீசை வைத்திருந்தார்கள். இன்னும் பிறக்கவில்லை. அவர்களுடைய பிரசவத்தைப் பார்க்கப்போவது நான்தான். எந்தக் கல்லூரியில் படித்து வருகிறேனோ, அதைப் பொறுத்து யார் முதலில் வெளியே வருவார் என்பது மாறும். கடற்கரை மேலே இருக்கும்வரை திலீபன் அண்ணன். அவன் பிரதாபனைத் தண்ணீர் எடுத்து வரச் சொன்னான். பிரதாபன் எழுந்து போனான். அவன் சொம்போடு திரும்புவதற்குள் நான் மலைக் கல்லூரியை மேலே இழுத்துவிட்டேன். திலீபன் சட்டென எழுந்து நின்று, கால் மேல் கால் போட்டிருந்ததற்கு மன்னிப்புக் கேட்டான்.

லாரி டிரைவர் சின்ராசு இரண்டு கால்களையும் நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். எந்தக் காலில் மாவுக்கட்டு என்று தெரிந்தால் அதற்கேற்றபடி பேன்ட் தைக்கக் கொடுக்கலாம் என்றார். நான் வரிசையை மாற்ற மாற்ற மாவுக்கட்டு வலதுக்கும் இடதுக்கும் போய்வந்தது. ஒருமுறை கழுத்துக்கு ஏறியது. ஒருமுறை வெறும் காய்ச்சலுக்காக வந்திருந்த பக்கத்து ஆளின் முழங்கைக்கே போய்விட்டது. அந்த ஆள் அதைத் தட்டிப் பார்த்து, நல்ல வேலைப்பாடு என்று என்னைப் பாராட்டினார்.

எனக்குச் சிரிப்பு பொங்கி வந்தது. மேலே இழுத்தேன், கீழே விட்டேன், நடுவில் செருகினேன். நடையின் கோடிவரை ஏப்பமும் விக்கலும் அலையாகப் போய்த் திரும்பி வந்தன. அண்ணன் தம்பியானான், தம்பி அண்ணனானான். ஒரு பெரியவருக்குப் பார்வை தெளிந்தது. அவர் என் அம்மாவைப் பார்த்து, இவ்வளவு சின்ன வயதா உங்களுக்கு என்றார். அம்மா அவருக்கு இரண்டாவது ஊத்தப்பம் வைத்தாள்.

இத்தனை அமளியிலும் ஒரு பெண்மணிக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை.

அவள் கிரைண்டர் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து அம்மாவுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் வயதுதான் இருக்கும். கத்தரிப்பூ நிறச் சேலை. நான் அவளையே பார்த்தபடி கடற்கரையை மேலே வைத்தேன். அவள் ஒரு வெங்காயத்தை உரித்தாள். மலையை வைத்தேன். அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். பெயரே கேள்விப்படாத கல்லூரிகளையெல்லாம் முதலில் வைத்துப் பார்த்தேன். முத்துக்குமரேசனின் டிபன் பாக்ஸ் வெடிக்கப் பார்த்தது. அவள் தும்மக்கூட இல்லை.

அந்த அம்மாவுக்கு என்ன என்று முத்துக்குமரேசனிடம் கேட்டேன். அவர் டிபன் பாக்ஸின் மூடியைத் துடைத்தார்.

"அவங்களை நீங்க இருந்தும் காப்பாத்த ஆகாதுங்க டாக்டரம்மா."

எனக்குப் புரிய சிறிது நேரம் பிடித்தது. புரிந்ததும் கலந்தாய்வு உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். இந்த ஒரு நோயாளிக்கு மட்டும் சரியான கல்லூரி காட்டவில்லை என்று புகார் சொன்னேன். எதிர்முனையில் ஒரு பெண் ஏதோ மென்றுகொண்டிருந்தாள். சேலையின் நிறத்தைக் கேட்டாள். சொன்னேன்.

"எல்லாருக்கும் ஒருத்தங்க வருவாங்க மேடம். அதைத் திருத்த முடியாது. வேற ஏதாவது உதவி வேணுமா?"

வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எனக்கு டாக்டராகும் ஆசை போய்விட்டது. அவ்வளவு வேகமாகப் போகும் என்று நான் நினைத்ததில்லை. அப்பாவிடம் நான் பி.காம். படிக்கிறேன் என்றேன். அப்பா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். பி.காமும் நல்ல படிப்புதான், ஆனால் இத்தனை பேரை வரச்சொல்லிவிட்டு எப்படி என்றார். நான் ஒவ்வொரு கல்லூரியாக எடுத்து வெளியே போட்டேன். திரை வெறுமையானது.

நடை சுருங்க ஆரம்பித்தது. கோடியில் இருந்தவர்கள் ஈரத் தலையோடு சறுக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். முத்துக்குமரேசனால் டிபன் பாக்ஸை மூட முடியவில்லை. உள்ளே ஒரு தேங்காய் இருந்தது. சின்ராசுவுக்குக் கழுத்து முதல் கணுக்கால் வரை மாவுக்கட்டு. திலீபனுக்கும் பிரதாபனுக்கும் மீசை மறைந்தது. பிறகு முகமும் மங்கலானது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

நான் எழுந்து கிரைண்டர் பக்கம் போனேன்.

"இப்ப?" என்றேன்.

"இப்பவும் எனக்கு அதேதான் கண்ணு," என்றாள் அவள். என்னை டாக்டரம்மா என்று கூப்பிடாதவள் அவள் ஒருத்திதான். "பக்கத்துல ஆள் இல்ல. அவ்வளவுதான்."

அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் கொஞ்சம் வெங்காயத்தை என் பக்கம் தள்ளினாள். நானும் உரித்தேன். எந்தக் கல்லூரியை முதலில் வைத்தாலும் அன்று நான் பக்கத்தில் இருப்பேனா என்று கேட்டேன். இருப்பாய் என்றாள். உன் கை ரொம்பச் சில்லென்று இருக்கும், வேலைக்குப் புதுசு, பயந்துகொண்டிருப்பாய் என்றாள். குறையாகச் சொல்லவில்லை.

"உங்களுக்கு எந்தக் காலேஜ் பிடிக்கும்?"

அவள் கையை நிறுத்தினாள். அதை அவளிடம் யாரும் கேட்டதில்லை என்று தோன்றியது. முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்கால ஒன்னு இருக்குதல்ல. அதுல என்ற கட்டிலு சன்னலோரம். பழனி பழனி பழனின்னு ஒருத்தன் கத்தீட்டே இருப்பான். சனம் மூட்டையத் தூக்கீட்டு ஓடும். பாத்துட்டே படுத்திருக்கலாம்."

"மத்த காலேஜ்ல?"

"ஒன்னுல செவுரு. ஒன்னுல கடலு. கடலு நல்லாத்தான் இருக்குது. ஆனா எத்தனை நேரந்தான் பாப்ப?"

நான் மேசைக்குத் திரும்பினேன். பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கும் கல்லூரியை எடுத்து முதல் இடத்தில் வைத்தேன். மற்றவற்றை அதன்கீழ் கை போன போக்கில் அடுக்கினேன். நடை மறுபடி மளமளவென்று நீண்டது. ஈரத் தலைக்காரர்கள் தங்கள் இடத்துக்கு ஓடினார்கள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரவர் உடம்பைத் தடவிப் பார்த்தார்கள்.

முத்துக்குமரேசன் டிபன் பாக்ஸைத் திறந்தார். எலுமிச்சை. நெல்லிக்காயைவிடப் பெரியது, சுண்டைக்காய் பக்கத்திலேயே வராது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கிரைண்டர் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மூடியை அழுத்தி மூடினார்.

"தாங்கிக்கறனுங்க," என்றார்.

சின்ராசுவுக்கு இடது கால் என்று முடிவானது. அவர் உடனே தையல்காரருக்குப் போன் செய்தார். இரட்டையரில் பிரதாபன் அண்ணன். திலீபன் சிறிது நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிரதாபன் தன் பங்கு ஊத்தப்பத்தை அவனுக்குக் கொடுத்தான். அவன் சாப்பிட்டான். பார்வை தெளிந்திருந்த பெரியவருக்கு மறுபடி மங்கிவிட்டது. அவர் அம்மா இருக்கும் திசை நோக்கி, பரவாயில்லை, நான் பார்த்ததை மறக்க மாட்டேன் என்றார்.

பொத்தானை அழுத்தினேன். வரிசை பூட்டப்பட்டது. நடையின் கோடியிலிருந்து கைதட்டல் தாமதமாக வந்துசேர்ந்தது.

அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சித்திக்கு என்ன சொல்வது என்றாள். அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். ரசம் ஊற்ற ஒரு தூக்குப் போசி இருக்கிறதா என்று பரண்மேல் தேடினார். தேடும்போது விசிலடித்தார். அப்பா விசிலடித்து நான் கேட்டதேயில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் கூடவே விசிலடித்தார்கள். மூச்சிரைப்புக்காரர்கள் தாளம் மட்டும் போட்டார்கள். சின்ராசு ஒற்றைக் காலால் சுற்றிச் சுற்றி ஆடினார். அம்மா சிரித்துவிட்டாள். அப்புறம் சித்திக்குப் போன் செய்து, உன் வீட்டுக்கு இனிமேல் யாரும் வரமாட்டோம் என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். அப்போது பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டார்கள். எப்போது என்று யாரும் சொல்லவில்லை. ஆள் போகப் போக நடை குறுகியது. கடைசியில் இரண்டு பேர் நிற்கும் அளவே மிஞ்சியது. எதிரே அவள் வந்தாள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவளும் ஒட்டிக்கொண்டாள். யார் முதலில் போவது என்று இருவரும் கொஞ்சம் தடுமாறினோம்.

"உங்க பேரு என்னங்க?" என்றேன்.

"அதை அப்பக் கேளு கண்ணு," என்றாள். "அன்னிக்கி நாம பேசறதுக்கு ஏதாச்சும் வேணுமில்ல."

கேட்பதாகச் சொன்னேன்.