கேமராவுக்குத் தெரியாத இடம்

சுற்றுப்படம் எடுப்பவளுக்கு முதலில் ஒளிந்துகொள்ளத் தெரிய வேண்டும். சாதாரண போட்டோ என்றால் கேமராவுக்குப் பின்னால் நின்று மூக்கைச் சொறியலாம். என் கேமராவுக்குப் பின்பக்கமே கிடையாது. ஸ்டாண்டின் மேல் நின்று நின்று திரும்பி, அறையை முழுச் சுற்றும் எடுத்துவிடும். பிறகு எங்கேயோ ஒருவர் தன் வீட்டு சோபாவில் வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இந்த ஓட்டல் அறைக்குள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அவர் கண்ணில் நான் பட்டால் என் பிழைப்பு நாறிவிடும். அதனால் செல்போனில் பொத்தானைத் தட்டிவிட்டு, ஓடிப்போய்க் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வேன்.

கூடவே இன்னொருவரும் புகுந்துகொள்வார். அதுதான் வினையாகிவிட்டது.

புது ஓட்டல், திறக்கிற அவசரம். அறைக்கு அறை ஏதாவது ஒரு கதவு முரண்டு பிடிக்கும் என்று தச்சரை என்னோடு அனுப்பியிருந்தார்கள். காதில் பென்சில் செருகிய நெட்டை மனிதர். கட்டிலுக்கடியில் அவரை மடித்துத்தான் வைக்க வேண்டும். மூன்றாவது அறைக்குள்ளேயே எனக்கு அவரைப் பிடித்துத் தொலைத்துவிட்டது.

ஆனால் மனிதர் வாயைத் திறக்க வேண்டுமே! பெயின்டரிடம் அரட்டை, சமையல்காரரிடம் அரட்டை, லிஃப்டில் முன்பின் தெரியாதவரிடம்கூட அரட்டை. என்னோடு ஒளிந்தால் மட்டும் கல்லுளிமங்கன். திரைச்சீலைக்குப் பின்னால் "உங்களுக்கு மழை பிடிக்குமா?" என்று கேட்டேன். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு திரைச்சீலையையே பார்த்தார். குளியலறைக் கதவுக்குப் பின்னால், என் அக்கா மாமியாருக்குப் பயந்து குறட்டையை அடக்கிய கதையைச் சொன்னேன். அவர் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். படம் முடிந்த கையோடு மேனேஜர் வந்து, அவரை ஒரு கதவுக்கும் என்னை அடுத்த அறைக்கும் விரட்டிவிடுவார்.

கடைசி அறையும் வந்தது. இது முடிந்தால் தச்சர் வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறார் என்று பெயின்டர் சொன்னார். என்னைப் பிடிக்குமா பிடிக்காதா என்று இன்றைக்குத் தெரியாவிட்டால் இனி என்றைக்குமே தெரியாது. ஒளிய இருந்த ஒரே இடம் அலமாரி. பொத்தானைத் தட்டிவிட்டு இருவரும் உள்ளே நுழைந்தோம். வெளியே கேமரா க்ளிக் என்றது, திரும்பியது, மறுபடி க்ளிக் என்றது. என் நெஞ்சு அடித்த அடியில் அலமாரிக் கதவே திறந்துவிடும்போல இருந்தது.

"இதோ பாருங்க, எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு?"

இடுக்கு வெளிச்சத்தில் அவர் முகம் சிவந்தது. கண் பிதுங்கியது. வாய் மட்டும் திறக்கவில்லை.

எனக்கு வந்ததே கோபம்! கதவை உதைத்துத் திறந்து, கேமரா சுற்றிக்கொண்டிருக்கும்போதே அறை நடுவில் போய் நின்றேன். படம் நாசமாய்ப் போகட்டும்.

"நான் என்ன செவுத்துக்கிட்டயா பேசிட்டிருக்கேன்?"

அவர் தொப்பென்று வெளியே விழுந்தார். மூச்சு வாங்கியபடி கேமராவைக் காட்டி, பொறுங்கள் என்று கையசைத்தார். அது கடைசி க்ளிக் போட்டு நின்றது.

"இப்போ பேசலாமா?"

"ஏன், யாரு வேணாம்னா?"

"நீங்கதாங்க! முதல் நாளே சொன்னீங்களே, கேமரா சுத்துறப்போ மூச்சுகூட விடக்கூடாதுன்னு. படம் ஆடிடும்னு பயந்து..."

சொன்னேன்தான். காலால் ஸ்டாண்டைத் தட்டிவிட்டாரே என்ற எரிச்சலில் சொன்னது. அதற்காக ஒரு மனிதர் அறை அறையாக மூச்சை அடக்கிக்கொண்டா கிடப்பார்? தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார். கேட்டதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

மேனேஜர் கதவைத் தட்டினார். "முடிஞ்சுதாம்மா?"

"இன்னும் ஒரே ஒரு தடவை சார்!"

மறுபடியும் அலமாரிக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டோம்.

"பேசினா படம் ஆடாதே?"

"ஆடாது. சொல்லித் தொலைங்க."

"மழை பிடிக்கும். குறட்டைக் கதைக்கு வீட்டுல போய்த்தான் சிரிச்சேன், எங்கம்மா பயந்தே போயிட்டாங்க. அப்புறம்..." குரல் தணிந்தது. "உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. திட்டுறதையும் சேர்த்து."

எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் சொல்லுங்க என்றேன், சொன்னார். மேனேஜர் மறுபடியும் தட்டினார். வெளியே கேமரா சும்மாவே நின்றுகொண்டிருந்தது. பொத்தானைத் தட்ட வேண்டும் என்ற நினைப்பே எங்களுக்கு வரவில்லை.