வெள்ளை பாலிஷ்

பெத்தனி ஐஸ் எடுக்க கராஜுக்குள் போனபோது அவள் அண்ணன் தரையில் முழங்காலிட்டு ஒரு டயரை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

டயர் சுவரில் சாய்ந்திருந்தது. அதன் விளிம்பைச் சுற்றி வெள்ளை ஷூ பாலிஷ் பட்டையாகப் பூசியிருந்தது. டஸ்டின் அந்த வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தான். ஊதினான். தள்ளி நின்று பார்த்தான். மறுபடி தேய்த்தான்.

அவனுக்குப் பின்னால் அம்மாவின் பயர்பேர்ட் கார் நான்கு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நின்றது. முன்சக்கரங்கள் இல்லை. அவை இருக்க வேண்டிய இடத்தில் சக்கரத்தைத் தாங்கும் புது ஆர்ம்கள் ஒற்றை போல்டில் தொங்கின. அவற்றில் கட்டியிருந்த விலைச்சீட்டுகளைக்கூட யாரும் அவிழ்க்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை இதை ஓட்டினேன்னு சொன்ன" என்றாள் பெத்தனி.

"மெதுவாப் பேசு."

"எப்படி ஓட்டின? சக்கரமே இல்லாமயா?"

"பெத், சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் அம்மா இருக்கா."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அவன் உப்புத்தாளை நான்காக மடித்தான். "டயர் போட்டோ வேணுமாம். பாலிஷ் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாக்கணுமாம். காலைலேர்ந்து மூணு தடவை கேட்டுட்டா. என்ன பண்ணச் சொல்ற?"

டயர் எதுவரை தரையில் உரசுகிறது என்று பார்க்க அம்மா ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் அதன் விளிம்பில் ஷூ பாலிஷ் பூசுவாள். ஊருக்கு வெளியே மூடிப்போன விமானத்தளத்தின் கான்கிரீட்டில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்து, அவற்றுக்கிடையே ஒவ்வொரு காராக ஓடவிட்டு நேரம் பார்க்கும் பந்தயம். அந்தப் பழைய காரின் முன்சக்கரங்கள் வளைவில் வெளிப்பக்கம் சாய்ந்துவிடும். டயர் தன் விளிம்பில் ஓடும், பாலிஷ் பக்கச்சுவர் வரை அழிந்துபோகும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகத் தள்ளிக்கொண்டு போகும். சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கிற ஆர்ம்கள், குட்டையான கெட்டி ஸ்பிரிங்குகள், நீளமான பால் ஜாயிண்டுகள் எல்லாவற்றையும் அம்மா குளிர்காலத்தில் வரவழைத்தாள். பெட்டிகளைப் பிரிப்பதற்குள் அவள் வயிற்றில் இருந்தது புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. நான் பூட்டித் தருகிறேன் என்றான் டஸ்டின்.

ஞாயிறு மாலை அம்மா போனில் சொன்னாள். "உங்க அண்ணன் இன்னைக்கு ஓட்டிட்டான்டி. புது சஸ்பென்ஷனோட. ஒரு கூம்பத் தட்டிட்டான், இல்லேன்னா இன்னும் நல்ல டைம் வந்திருக்கும்." டென்வரில் ஒரு பல்பொருள் அங்காடியின் வாசலில் காரை நிறுத்திவிட்டு பெத்தனி அழுதாள். நேற்று இரவுதான் கன்சாஸ் வந்து சேர்ந்தாள். அந்த அழுகைதான் இப்போது அவளைக் கொதிக்க வைத்தது. அதைத் திரும்ப வாங்க முடியாது.

"ஹெல்மெட் எடுத்துக்கிட்டு எங்க போன?"

"ஏரிக்கு."

"ஏரில என்ன பண்ணின?"

"உக்காந்திருந்தேன்."

"ஏப்ரல்ல ஆரம்பிச்ச வேலை இது. இப்ப ஆகஸ்ட். நாலு போல்ட் மாட்ட முடியல, ஆனா பொய்க்கு மட்டும் பாலிஷ் பூசி, உப்புத்தாள் போட்டு… அப்பா மாதிரியே இருக்க. அவரும் எல்லாத்தையும் பாதில விட்டுட்டுத்தான் போனாரு."

அவன் குனிந்து மறுபடி டயரைத் தேய்த்தான். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஃப்ரீஸரைத் திறந்தாள். அதற்கு நேர் மேலே கூரைப் பலகையில் ஒரு தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. சுற்றிலும் பலகை உதிர்ந்து, வெப்பம் தடுக்க அடைத்த பஞ்சு தெரிந்தது.

"இது என்ன?"

"ஒண்ணுமில்ல."

"நான் போய் அம்மாகிட்ட சொல்லப்போறேன்."

"பெத். ப்ளீஸ்."

அவள் கிண்ணத்தில் ஐஸை அள்ளிக்கொண்டு கதவைக் காலால் உதைத்துத் திறந்தாள்.

*

முன்னறையில் சோபா இருந்த இடத்தில் மருத்துவக் கட்டில். அம்மாவின் பெயர் ஆர்லிஸ். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பின்னால் யார் என்ன செய்தாலும் திரும்பாமலே தெரிந்துகொள்வாள் என்று ஊரில் வளர்ந்த பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். இப்போது தலையணையைவிட அவள் முகம் சிறியதாக இருந்தது.

பெத்தனி வாயைத் திறப்பதற்குள் டஸ்டின் பின்னாலேயே வந்துவிட்டான். மூச்சு வாங்கியது. கையில் போன்.

"அம்மா, போட்டோ."

"கண்ணாடியக் குடு."

பெத்தனி கண்ணாடியை மாட்டிவிட்டாள். அம்மா போனை மூக்குக்கு அருகில் கொண்டுபோனாள். விரல்களால் படத்தைப் பெரிதாக்கினாள். நெடுநேரம் பார்த்தாள்.

"விளிம்போட நின்னுருக்கே" என்றாள்.

"ஆமா. பக்கவாட்டுக்கு இறங்கவே இல்ல."

"எந்தக் கூம்பத் தட்டின?"

"கடைசிக்கு முந்தினது."

"எல்லாரும் அதத்தான் தட்டுவானுங்க. முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு காலை அழுத்துறது." போனை நீட்டினாள். "நல்லா பண்ணியிருக்கடா."

டஸ்டினின் காதுகள் சிவந்தன. அவன் தங்கையைப் பார்க்கவில்லை.

"எனக்கு செர்ரி ஐஸ் வேணும்" என்றாள் அம்மா. "கடைல நசுக்கித் தருவானுங்கள்ல, அது. போய் வாங்கிட்டு வா."

அவன் வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும்வரை பெத்தனி காத்திருந்தாள்.

"அம்மா, அந்த போட்டோ…"

"நீளவாட்டுல தேச்சிருக்கான்."

பெத்தனிக்குப் புரியவில்லை.

"வளைவுல டயர் பக்கவாட்டுல இழுபடும். கீறல் எல்லாம் குறுக்கதான் விழும். இவன் சட்டி விளிம்பத் தேய்க்கிற மாதிரி சுத்திச் சுத்தித் தேச்சிருக்கான்." அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமானது. பெத்தனி ஐஸ் துண்டு ஒன்றை அவள் உதட்டில் வைத்தாள்.

"உனக்குத் தெரியும்."

"எஞ்சின் சத்தமே கேக்கல. மருந்துல தூங்கிட்டேன்னு நெனச்சேன். சாயங்காலம் ரேஸ் கிளப்புல ரிசல்ட் போட்டாங்க. எடுத்துப் பாத்தா அவன் பேரே இல்ல."

"ஞாயித்துக்கிழமை என்கிட்ட போன்ல சொன்னியே! டைம் எல்லாம் சொன்ன!"

"அவன் பக்கத்துல உக்காந்திருந்தான்."

"நான் கடை வாசல்ல காரை நிறுத்தி அழுதேம்மா."

அம்மா கண்ணாடியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டாள்.

"அப்புறம் எதுக்கு போட்டோ கேட்ட?"

"வந்து சொல்லிருவான்னு பாத்தேன். காலைலேர்ந்து கேட்டேன்ல. ஒவ்வொரு தடவையும் வாயைத் தொறந்தான்."

"சொல்லல."

"இல்ல. டயரத் தேச்சான்."

"சிரிக்காத. இதுல சிரிக்க ஒண்ணுமே இல்ல. நீ கேட்டது ஒரே ஒரு விஷயம். அந்தக் கார் தரைல நிக்கணும்னு கேட்ட. அதை அவன் செய்யல. செய்யாததை நீ பாராட்டுற."

"கூரைல ஓட்டை பாத்தியா?"

"பாத்தேன்."

"ஸ்பிரிங்க அமுக்கிப் பிடிக்கிற கருவி வழுக்கி, ஸ்பிரிங் மேல பறந்திருக்கு. ஏப்ரல்ல. வீடே குலுங்குச்சு. உள்ள வந்து, பெயிண்ட் டப்பா விழுந்துருச்சும்மான்னான். மூஞ்சில ரத்தமே இல்ல. தலை அங்க இருந்திருந்தா போயிருக்கும்." அம்மா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நானும், சரி, பெருக்கிரு, அப்படின்னுட்டேன். அதுக்கப்புறம் அவன் அதைத் தொடவே இல்ல."

"பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. கிளப்புல பத்துப் பேரு வந்து ஒரே நாள்ல முடிச்சிருப்பாங்க."

"அவன் பண்ணித்தரேன்னு சொன்னது."

"இந்த வீட்டுல யாரும் யார்கிட்டயும் நேரா பேசவே மாட்டீங்களா?"

"நீ பேசுறியே."

"அதனாலதான் நான் டென்வர்ல இருக்கேன்."

"ஆமா" என்றாள் அம்மா.

குளிர்சாதனப் பெட்டி உறுமி நின்றது. பெத்தனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்து வைத்த நூடுல்ஸ் பாத்திரம் மேஜையில் மூடியபடி இருந்தது. அடியில் தன் பெயரை எழுதி ஒட்டியிருந்தாள், திரும்பக் கொடுக்க மறந்துவிடக் கூடாது என்று. அதன்மேலும் கோபம் வந்தது.

"அவன் வந்ததும் சொல்லிடுறேன். உனக்குத் தெரியும்னு."

"சொல்லாத."

"ஏன்? அவன் மட்டும் நிம்மதியா இருக்கணும், நான் இதைச் சுமக்கணுமா?"

"உன்னால முடியும்" என்றாள் அம்மா. "அவனால முடியாது."

"இது நியாயமே இல்ல."

அம்மா கண்களை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாளா, தூங்குவது போல இருக்கிறாளா என்று தெரியவில்லை. பேருந்தில் பிள்ளைகள் கத்தினால்கூட அவள் இப்படித்தான் பின்னால் காட்டும் கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டே போவாளாம்.

*

செர்ரி ஐஸ் வந்தபோது பாதி உருகியிருந்தது. அம்மா இரண்டு கரண்டி சாப்பிட்டாள். நாக்கு சிவந்தது. மூன்றாவது கரண்டிக்கு வாய் திறக்கவில்லை.

மதியத்துக்குப் பிறகு மூச்சு மாறியது. நர்ஸ் இவெட் வந்தாள். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், போர்வையை விலக்கி முழங்கால்கள் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்த்தாள், அம்மாவின் உதட்டில் காய்ந்திருந்த சிவப்பை ஈரத்துணியால் ஒற்றியெடுத்தாள்.

"இன்னைக்குதான்னு நெனைக்கிறேன் கண்ணுங்களா. காது கடைசி வரைக்கும் கேக்கும். ஏதாவது பேசிக்கிட்டு இருங்க."

அவள் எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள் போல. பெத்தனியிடம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். அது அம்மாவுக்கானது அல்ல.

டஸ்டின் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டான். அம்மாவின் காதருகே குனிந்தான்.

"அம்மா. ஸ்டார்ட் கோட்டுல நிக்கிறேன்" என்றான்.

பெத்தனி தலையைத் தூக்கினாள்.

"கொடி காட்டிட்டான். மொத கியர். இப்ப ரெண்டு. வரிசைக் கூம்பு வருது. இடம். வலம். இடம். அவசரப்படல. நீ சொல்லுவியே, பின்னாடி கூம்பப் பாக்காத, அடுத்ததப் பாருன்னு. அடுத்ததத்தான் பாக்குறேன்."

"டஸ்டின்" என்றாள் பெத்தனி.

அவன் நிறுத்தவில்லை. ஒரு கை அம்மாவின் கையைப் பிடித்திருந்தது. இன்னொரு கை போர்வையின் மேல், இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்தது போல வளைந்திருந்தது.

"பெரிய வளைவு. பிரேக். விட்டுட்டேன். இப்ப திருப்புறேன். அம்மா, முன்ன மாதிரி தள்ளல. திருப்பினா திரும்புது. அப்படியே கடிச்சுப் பிடிக்குது. நீ பாக்கணும்."

அவன் குரல் உடையவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எழுந்துபோய் அவன் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும், இவளுக்கு எல்லாம் தெரியும், நீ யாருக்காக ஓட்டுகிறாய் என்று கேட்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தாள். அம்மாவின் மூச்சு உள்ளே போனது. வெகுநேரம் கழித்து வெளியே வந்தது.

"அந்தப் பக்கம் திரும்பியாச்சு. நாலு பக்கமும் கூம்பு வெச்ச பெட்டிக்குள்ள போறேன். இடிக்கல. வெளிய வந்தாச்சு. கொஞ்சம் காலை அழுத்தறேன்."

இவெட் ஒரு அடி முன்னால் வந்தாள். அம்மாவின் கழுத்தில் இரண்டு விரல்களை வைத்தாள். பெத்தனியைப் பார்த்தாள். டஸ்டினும் அதைப் பார்த்தான். ஆனாலும் நிறுத்தவில்லை.

"கடைசிக்கு முந்தினது. இந்தத் தடவை தட்டல. தட்டலம்மா. கடைசிக் கூம்பு. கோடு."

அவன் நெற்றியைக் கட்டில் கம்பியில் வைத்துக்கொண்டான். இவெட் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

*

சவ அடக்க நிலையத்திலிருந்து வந்த இருவரும் கோட்டு போட்டிருந்தார்கள். மெதுவாகப் பேசினார்கள், வெயிலில் வியர்த்தார்கள். அம்மாவை எடுத்துக்கொண்டு போனார்கள். இவெட் மிச்சமிருந்த மருந்துகளை எண்ணிக் கொட்டிவிட்டு, இருவரையும் கட்டிக்கொண்டு கிளம்பினாள். பெத்தனி மரம் போல நின்று கட்டிப்பிடிக்கவிட்டாள்.

பிறகு வீட்டில் அவர்கள் இருவர்தான். டஸ்டின் சமையலறையில் நின்று நூடுல்ஸ் பாத்திரத்திலிருந்தே முள்கரண்டியால் குத்திக் குத்திச் சாப்பிட்டான். சூடுகூடச் செய்யவில்லை. அவன் விரல் இடுக்குகளில் வெள்ளை பாலிஷ் காய்ந்திருந்தது.

"தட்டு எடுத்துக்க" என்றாள் பெத்தனி.

"வேணாம்."

"பன்னி மாதிரி திங்காத. தட்டு எடுத்துக்க."

எடுத்துக்கொண்டான். தட்டில் எதையும் போட்டுக்கொள்ளாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"பெத். நான் ஐஸ் வாங்கப் போனப்ப அம்மா ஏதாச்சும் சொன்னாளா?"

"எதப் பத்தி?"

"போட்டோவப் பத்தி." அவன் தட்டைப் பார்த்தான். "நம்பிட்டாள்ல?"

வந்துவிட்டது. அவள் நாள் முழுக்க வாய்க்குள் வைத்திருந்த வாக்கியம். கூர்மையாக, தயாராக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையே தெரியும், ஏப்ரலிலிருந்தே எல்லாம் தெரியும், கடைசியாக நீ ஓட்டியபோதும் தெரியும். சொல்ல வாயைத் திறந்தாள். அவன் கண்ணிமைக்காமல் காத்திருந்தான். நாற்பதை நெருங்குகிற ஆள், கையில் காலித் தட்டோடு.

அம்மாவின் மேல் அவளுக்கு அப்போது வந்த கோபம் இதுவரை யார்மேலும் வராத கோபம்.

"முன் டயர்ல காத்து ஜாஸ்தியாம்" என்றாள். எதையோ தூக்கி எறிவது போலச் சொன்னாள். "ரெண்டு பவுண்டு எறக்கணுமாம்."

"ரெண்டா?"

"ரெண்டு."

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.

"நான் ஒண்ணு போதும்னு நெனச்சேன்" என்றான்.

பெத்தனி பாத்திரத்தின் மூடியைத் தேடினாள். கண்ணெதிரிலேயே இருந்தது. மூடினாள், சரியாக உட்காரவில்லை, உள்ளங்கையால் அடித்து மூடினாள். முன்னறைக்கு வந்தாள்.

கட்டிலில் விரிப்பு இல்லை. படுக்கைப்புண் வராமலிருக்கப் போட்டிருந்த காற்று மெத்தை மட்டும் இருந்தது. அதன் மோட்டாரை யாரும் அணைத்திருக்கவில்லை. இடது பக்கம் மெல்ல உப்பியது, வலது பக்கம் தாழ்ந்தது. கொஞ்சம் பொறுத்து வலது பக்கம் உப்பியது. அவள் சுவரில் செருகியிருந்த வயரைப் பிடித்துக் குனிந்தாள். பிடுங்காமல் அப்படியே நின்றாள்.