சில்வானோவின் சாம்பல் படுக்கை

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும், எங்கள் ஊர்க் கோயிலில் வாளியும் கையுமாக நிற்கிற புனித ஃப்ளோரியான் அந்த வாளித் தண்ணீரை நடு ஜனவரியில் என் தலையில் கவிழ்க்கட்டும். நெருப்பு விஷயத்தில் அவரிடம் யாரும் விளையாடுவதில்லை. நானும் விளையாடவில்லை.

போன குளிர்காலத்தில் நடந்தது. ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாள் காலையில், சீட்டுக்கு ஒரு கை குறைகிறதே என்று சில்வானோவைக் கூப்பிடப் போனேன். ராணுவத்தில் என்னோடு கோவேறு கழுதை மேய்த்தவன். மனைவி போன பிறகு கார்னியா மலையில் எங்கள் தெருவின் கடைசி வீட்டில் தனியாக இருந்தான். கோட்டு, தொப்பி, கையுறை சகிதம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தான். எதிரே குவளையில் ஒயின் கட்டியாக உறைந்திருந்தது. கத்தியால் ஒரு துண்டு வெட்டி ரொட்டியில் வைத்து என்னிடம் நீட்டினான். குறை சொல்ல முடியாது, நல்ல வருஷத்து ஒயின்.

இத்தனைக்கும் மூலையில் பெல்லட் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னக் குச்சிகளைத் தொட்டியிலிருந்து தானே இழுத்து எரிக்கிற அடுப்பு. அப்பாவுக்கு இனி விறகு பிளக்க முடியாது என்று மகள் மிரெல்லா வாங்கிக் கொடுத்தது. கண்ணாடிக்குப் பின்னால் தீ கல்யாண வீடு மாதிரி ஆடியது. அதன் விசிறி ஊதுகிற காற்றில் கையை நீட்டிப் பார்த்தேன். மாட்டின் மூச்சு அதைவிடச் சூடாக இருக்கும்.

அன்று மதியம் மிரெல்லா வருகிறாள் என்றான். கையில் தெர்மாமீட்டர் கொண்டுவருவாளாம். சாப்பாட்டு நேரத்தில் மேஜை மேல் இருபது டிகிரி இல்லையென்றால் அப்பாவை உதினே நகரத்துக்கு, தன் வீட்டு மூன்றாம் மாடிக்கு, கையோடு கூட்டிப்போய்விடுவாள். அங்கே முயல் கூண்டு வைக்க இடமில்லை, பக்கத்துக் கடையில் சீட்டாட விடமாட்டார்கள் என்பதையெல்லாம் இவன் விசாரித்து வைத்திருந்தான்.

"பெட்டிகூட வாங்கிட்டாளாம்டா. சக்கரம் வச்ச பெட்டி." அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் இறங்கியது.

எரிகிற சூடு எங்கேதான் போகிறது என்று வெளியே போய் அண்ணாந்து பார்த்தேன். ஊரெல்லாம் ஜன்னல் உயரத்துக்குப் பனி. இவன் வீட்டுப் புகைபோக்கியைச் சுற்றி மட்டும் ஓடு காய்ந்து கிடந்தது. தெருவிலுள்ள பூனைகள் அத்தனையும் அங்கே மல்லாந்து படுத்திருந்தன. நடுவில் பக்கத்து வீட்டுத் தீர்ச்சேயின் கோழிகள். தீர்ச்சே ஏணி போட்டு முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். முட்டையெல்லாம் வெந்தே வருகிறது, உப்பு மட்டும் கொண்டுபோனால் போதும் என்றாள். தயவுசெய்து எதையும் ரிப்பேர் பண்ணிவிடாதே என்று என்னைக் கேட்டுக்கொண்டாள்.

உள்ளே வந்து, சூடு முழுக்கக் கூரைக்குப் போகிறது, குழாய்களைச் சாம்பல் மூடியிருக்கும், கடைசியாக எப்போது சுத்தம் செய்தாய் என்று கேட்டேன்.

கோயிலுக்குள் தொப்பியோடு நுழைந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "சாம்பல யாராவது எடுப்பாங்களாடா?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கத்து விறகடுப்பில் உள்ளங்கைக் கனத்துக்குச் சாம்பல் படுக்கை கட்டாயம் இருக்க வேண்டும். இரவில் கங்கை அதற்குள் புதைத்துவிட்டால் காலையில் ஊதியே தீ மூட்டலாம். சாம்பலை வழித்து வாருகிறவளுக்குக் குடும்பம் நடத்தத் தெரியாது என்பார்கள். இவன் அந்தச் சட்டத்தை இந்த மின்சார அடுப்புக்கும் போட்டுவிட்டான். அம்மாவின் பழைய அடுப்பிலிருந்து ஒரு கரண்டி சாம்பல் எடுத்து, பாலுக்கு உறை ஊற்றுவதுபோல் போட்டுத்தான் தொடங்கியிருக்கிறான். அது போதவில்லை என்று எங்கள் வீட்டிலிருந்தும் வாளி வாளியாக வாங்கிப் போனான். கீரைப் பாத்திக்கு என்றல்லவா நான் கொடுத்தேன்!

"சாம்பல்ங்கிறது கம்பளிடா," என்றேன். "கங்குக்குப் போத்தினா நல்லது. நீ குழாய்க்குப் போத்தி வச்சிருக்க. குழாய்க்கு வெளிய தீ, உள்ள காத்து. நடுவுல கம்பளி இருந்தா காத்து எப்படிடா சூடாகும்?"

"எங்கம்மாவுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

"உங்கம்மா அடுப்புல பிளக் இருந்துச்சா?"

தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். பிறகு, "அணைச்சிட்டு அப்புறம் பத்தலன்னா?" என்றான்.

"பத்தலன்னா உதினே. அணைக்கலன்னாலும் உதினேதான்."

எழுந்து போய் அவனே பொத்தானை அமுக்கினான்.

அடுப்பு ஆறுகிற வரை காத்திருந்துவிட்டு வேலையைத் தொடங்கினோம். அடுப்பின் மேல் விளிம்பில் குமிழ் வைத்த ஒரு கம்பி உண்டு. தினமும் அதை நாலு தடவை இழுத்துத் தள்ளினால் உள்ளேயிருக்கிற தகடு குழாய்களைச் சுரண்டிவிடும். இவன் அதில் பூண்டுச் சரம் தொங்கவிட்டிருந்தான். பூண்டைக் கழற்றிவிட்டு, ஆளுக்கொரு காலை அடுப்பில் உதைத்துக்கொண்டு இருவருமாக இழுத்தோம். கம்பி வந்தது. கூடவே சாம்பலும் வந்தது. ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை. கொஞ்ச நேரம் குரல் கொடுத்தபடிதான் வேலை செய்தோம்.

சில்வானோ வீடு கூட்டுகிற வேக்குவம் கிளீனரைத் தூக்கி வந்தான். சாம்பலுக்குள் கங்கு உயிரோடு இருக்கும், பை எரிந்துபோகும் என்று திருப்பி அனுப்பினேன். இரும்பு வாளியும் தகரக் கரண்டியும் போதும். பின் தகடுகளைக் கழற்றி, ரப்பர்ச் சுத்தியலால் தட்டி, ஒவ்வொரு குழாயையும் விறைப்பான தூரிகையால் தேய்த்தேன். உலோகம் பளிச்சென்று தெரிந்தது.

அள்ளியதை வழக்கம்போலத் தெருவில் ஐஸ் மேல் தூவினோம். தெரு முடிந்தது, சாம்பல் முடியவில்லை. கோயில் சரிவுக்குத் தூவினோம். அடுத்த ஊர்ச் சாலைக்கும் தூவினோம். உப்புத் தூவ வந்த நகராட்சி லாரி பார்த்துவிட்டு, சல்யூட் அடித்துத் திரும்பிப் போயிற்று. எல்லைக்கு வந்ததும் ஆஸ்திரியாக்காரர்கள், எங்களுக்குப் போதும், நன்றி என்றார்கள்.

அடியில் ஒரு கரண்டி, நிறமே வேறாக, மாவுபோல் இருந்தது. அதை மட்டும் சில்வானோ காப்பி டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டான்.

தகடுகளை மாட்டிப் பொத்தானை அமுக்கும்போது கீழ் வளைவில் கார் ஹாரன் கேட்டது. மிரெல்லா சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. தெர்மாமீட்டரை மேஜையில் வைத்தாள். நான்கு டிகிரி.

"குவெரீனோ மாமா, உங்க மீசை எப்ப இவ்வளவு நரைச்சுது?" என்று என்னைக் கேட்டாள்.

"இன்னைக்குக் காலையிலதாம்மா."

அவள் சிரிக்கவில்லை. அலமாரியைத் திறந்து அப்பாவின் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். சில்வானோ சட்டைகளைப் பார்க்கவில்லை. தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுப்பு முதலில் முனகியது. பிறகு தீ பிடித்தது. பிறகு விசிறி ஊதியது, அந்தக் காற்றில் என் மீசை மறுபடி கறுத்தது. பாதரசம் நின்று மூச்சு வாங்காமல் ஏறிற்று. பன்னிரண்டில் குவளையிலிருந்த ஒயின் இளகியது. பதினாறில் மூலையில் வைத்திருந்த கிறிஸ்துமஸ் குடிலின் மரப்பொம்மை யோசேப்பு மேலங்கியைக் கழற்றிப் பக்கத்து ஆட்டின் மேல் போட்டார். கூரையில் குளிரெடுத்த கோழிகள் இறங்கிவந்து ஜன்னலைக் கொத்தின. அவற்றுக்குப் பின்னால் தீர்ச்சே நின்று என் குடும்பத்தையே திட்டினாள்.

இருபதில் மிரெல்லாவின் கை ஒரு ஸ்வெட்டரோடு நின்றது. இருபத்தைந்தில் கோட்டைக் கழற்றினாள். முப்பதில் அவளே ஜன்னலைத் திறந்தாள்.

"அப்பா, கொஞ்சம் குறைச்சு வைங்களேன்."

"நீ கேட்டது இருபதுதானம்மா. மிச்சத்த நீயே ஊருக்கு எடுத்துட்டுப் போ."

எடுத்துக்கொண்டுதான் போனாள். சட்டைகளைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, காலிப் பெட்டியை அடுப்பின் முன்னால் திறந்து பிடித்தோம். நிரம்பியதும் மூடினோம். உதினேயில் தினமும் கொஞ்சம் திறந்து விட்டிருக்கிறாள். பிப்ரவரி முடிகிற வரை அவர்கள் வீட்டில் ரேடியேட்டரைத் தொடவில்லை. பொலெண்டா என்கிற சோளமாவுக் களியும் பாலாடைக்கட்டி வறுவலும் சாப்பிட்டுவிட்டு நாங்கள் நால்வரும், தீர்ச்சேயையும் சேர்த்துத்தான், சீட்டுப் போட்டோம். சில்வானோ ஜெயித்தான்.