கம்பனிகள் சேர ஒரு ஜெபம்

ஜொனதனைக் கட்டுவதற்கு எனக்குச் சீதனம் தேவையில்லை, தரகர் தேவையில்லை. உலகத்தின் இரண்டு பெரிய மென்பொருள் கம்பனிகள் ஒன்றாகச் சேர்ந்தால் போதும்.

நான் ஒன்றில் வேலை, அவன் மற்றதில். இரண்டுக்கும் கொக்குவிலில் கிளை உண்டு, இரண்டும் பரம எதிரிகள். எதிர்க் கம்பனிக்காரரை மணந்தால் ஒருவர் வேலையை விடவேண்டும் என்று இரண்டு ஒப்பந்தங்களிலும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. நல்ல சம்பளம் யாருக்குக் கசக்கும்? இரண்டு வருடமாகக் களவாகக் காதலித்தோம். தெருவில் கண்டால் நான் முகத்தைத் திருப்புவேன், அவன் வானத்தைப் பார்ப்பான். அந்த நடிப்பு எனக்கு அலுத்துப்போயிருந்த நேரத்தில்தான் எங்கள் கம்பனி அவர்களுடையதை வாங்கப்போகிறது என்று செய்தி வந்தது. அதை அனுமதிப்பதா இல்லையா என்று வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் விசாரணைக் குழு செவ்வாய்க்கிழமை சொல்லுமாம். அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு ஆடினேன்.

சந்தோஷம் தலைக்கேறினால் புத்தி இறங்கிவிடும். எங்கள் சபையில் காணிக்கை உறையின் மேல் ஜெபக் குறிப்பு எழுதினால் போதகர் அதை வாசித்து ஜெபிப்பார். பெயர் போடாவிட்டால் யார் எழுதியது என்று தெரியாது. நான் கெட்டிக்காரி, பெயர் போடவில்லை.

"இரண்டு கணினிக் கம்பனிகளும் தடையின்றி ஒன்றாக வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார்," என்று போதகர் வாசித்தார். சபை முழுவதும் ஒற்றைக் கண்ணைத் திறந்தது. முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். என் அப்பா, நவரட்ணம்.

"போதகர், உதுக்கு என்னாலை ஆமென் சொல்லேலாது."

அப்பா முப்பது வருடம் கூட்டுறவுக் கடையின் மனேச்சராக இருந்தவர்.

"ஊரிலை ஒரே கடை, என்ரை கடை. சனத்தை வெயிலிலை நிக்க விட்டிட்டு நான் உள்ளை இருந்து தேத்தண்ணி குடிச்சனான். மருதனார்மடச் சந்தியிலை ரெண்டாவது கடை திறந்த அண்டைக்குத்தான் சிரிக்கப் பழகினனான். ஒரு கம்பனி மற்றதை விழுங்கினால், பிறகு ஆர் எங்களைப் பாத்துச் சிரிப்பினம்?"

"ஓம், அந்த வெயிலிலை நிண்டது நான்தான்," என்றார் பொன்மலர் மாமி. சிரிப்பு வெடித்தது.

"கம்பனி பெருத்தால் எங்கடை பிள்ளையளுக்கு வேலையும் பெருகுமெல்லோ, அண்ணை?" என்று கிறிஸ்ரினா அக்கா பின்வரிசையிலிருந்து கத்தினார்.

எங்கள் சபைக்காரருக்கு எதையும் வாக்கெடுத்துப் பார்க்காவிட்டால் நித்திரை வராது. ஜெபிக்கக்கூடாது என்பவர்கள் கை உயர்த்தினார்கள். கைகள் தோப்பாக எழும்பின. என் கலியாணத்தை அல்லவா இவர்கள் வாக்குப் போட்டுக் கவிழ்க்கிறார்கள்!

"அப்பா, கையைக் கீழை விடுங்கோ!" என்று கத்திவிட்டேன். "அதுகள் சேராட்டில் எனக்குக் கலியாணம் இல்லை!"

அப்பா உயர்த்திய கையோடு என் பக்கம் திரும்பினார்.

"ஆரடி பெடியன்?"

ஆண்கள் பக்கத்தில் ஞானப்பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்த ஜொனதன் எழுந்தான். "நான்தான், மாமா. மற்றக் கம்பனி."

அவன் மாமா என்றதும் பெண்கள் பக்கம் சிரிப்பில் குலுங்கியது. நான் முழு விஷயத்தையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அப்பா தலையைச் சொறிந்தார்.

"கம்பனியள் சேரக்கூடாது. அதிலை நான் மாறமாட்டன். நீங்கள் ரெண்டுபேரும் சேருங்கோ. ஆரும் ஒராள் வேலையை விடுங்கோவன்!"

ஜொனதன் தொலைபேசியை எடுத்தான். எனக்கு விளங்கிவிட்டது.

"பொறு! செவ்வாய் வரைக்கும் பொறு!"

"வேலையை விடுறன் எண்டு அனுப்பிப்போட்டன்," என்றான். சபை கைதட்டியது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் விசாரணைக் குழு அனுமதி கொடுத்துவிட்டது. கம்பனிகள் ஒன்றாகிவிட்டன. அவன் மட்டும் வேலையில்லாமல் நின்றான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அலுவலக வாசலில் ஹோர்ன் சத்தம் கேட்டது. இதுவரை எங்கள் அலுவலகத் தெருப்பக்கமே வராதவன், படலைக்கு முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தான். யன்னல்கள் எல்லாவற்றிலும் தலைகள்.

"விசரா, ரெண்டு நாள் பொறுத்திருக்கக்கூடாதோ?" என்று ஓடிப்போய்க் கத்தினேன்.

"ரெண்டு வருசம் பொறுத்தனான், ஷரோன். ஏறு."

ஏறினேன். எல்லோரும் பார்க்க அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.