வெந்ததைத் தின்னும் புழுக்கள்

“என் டிகிரி சர்டிபிகேட்டைத் திருப்பிக் குடுங்க சார்” என்று அம்சவல்லி கேட்டது 1997 ஜூலை ஏழாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்கு. அதற்குள் அவள் வீட்டில் வளர்த்த மண்புழுக்கள் விருத்தாசலத்தில் பதினொரு வாஷ்பேசின்களையும், எண்ணி மாளாத டீ கப்புகளையும், பக்கத்து வீட்டுக் கூரையில் பாதி ஓடுகளையும், தொழிற்பேட்டைக்குப் பின்னால் முப்பது வருஷமாகச் சேர்ந்து கிடந்த பீங்கான் குப்பைமேட்டையும் தின்று மண்ணாக்கியிருந்தன. இரண்டு செய்திகளில் ஊர் வாயைப் பிளந்தது முதல் செய்திக்குத்தான். புழு எதையாவது தின்னும். டீச்சர் சர்டிபிகேட்டைக் கேட்க மாட்டாள்.

கேட்கக் கூடாது என்பது அந்தத் தனியார் பள்ளியில் சேர்ந்த அன்றே அவளுக்குச் சொல்லப்பட்டது. 1989 ஜூனில் விலங்கியலும் பி.எட்.டும் முடித்துத் தாளாளர் அரங்கநாதன் முன்னால் போய் நின்றாள். அவர் அசல் சான்றிதழை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். சீட்டு எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. அங்கே வேலை பார்த்த இருபத்திரண்டு பேருடைய படிப்பும் அந்த பீரோவுக்குள்தான் இருந்தது. வெளியே வந்ததும் கிளார்க் கோவிந்தராசு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “லீவு கேளுங்க, சாக்பீஸ் கேளுங்க. இத மட்டும் கேட்டுடாதீங்க டீச்சர். கேட்டா போறீங்கன்னு அர்த்தம். போறவங்களுக்கு அது கெடைக்காது.” அவளுக்கு முன்னால் கேட்டுவிட்டுப் போன டிரில் மாஸ்டருடையதை அப்போதும் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது.

அம்சவல்லியின் அப்பா அர்ச்சுனன் பீங்கான் கம்பெனியில் அச்சுக்குள் மண்குழம்பு ஊற்றுகிறவர். அவர் வம்சத்தில் பத்தாவதைத் தாண்டின ஆள் ஆணிலும் கிடையாது, பெண்ணிலும் கிடையாது. மகளைக் காலேஜில் சேர்த்தபோது தெருவே கேட்கச் சொன்னார்: “பச்சப் பானையத் தண்ணியில போட்டா கரைஞ்சிடும். வெந்துட்டா நூறு வருசம் குப்பையில கெடந்தாலும் மண்ணாவாது. எம்பொண்ண வேக வெச்சிட்டன்னு வெய்யி, எவனாலயும் கரைக்க முடியாது.” பட்டம் வந்ததும் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போய் லேமினேஷன் போட்டார். அன்றைக்கு மெஷின் ரிப்பேர். கடைக்காரன் இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்ததில் வலது கீழ்மூலை கொப்பளித்து, கட்டைவிரல் அகலத்துக்குப் பழுப்பாகப் பொசுங்கிவிட்டது. அர்ச்சுனன் அவனை அரைமணி நேரம் திட்டினார். பிறகு, “போவுது, அடையாளத்துக்கு ஆச்சு” என்று வாங்கிக்கொண்டு வந்தார்.

மண்புழுக்கள் 1991-இல் வந்தன. கடலூரில் அறிவியல் ஆசிரியர்களுக்கு நடந்த மூன்று நாள் பயிற்சியில், பால்பவுடர் டின்னில் ஈரச் சாணியோடு இருநூறு புழு கொடுத்தார்கள். வளர்க்கத் தொட்டி இல்லை. கீறல் விழுந்து கம்பெனி கழித்துப்போட்ட ஒரு வாஷ்பேசினை அர்ச்சுனன் சைக்கிளில் கட்டி எடுத்து வந்தார். கொல்லையில் முருங்கை நிழலில் அதை வைத்து, அடியில் தேங்காய் நாரும் மேலே மக்கின சாணியும் டீத்தூளும் வாழைப்பழத் தோலும் நனைத்த பழைய பரீட்சைத் தாள்களும் போட்டு, ஈரச் சாக்கால் மூடினாள் அம்சவல்லி. பிள்ளைகள் அவளுக்கு நாக்குப்பூச்சி டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். இருபதாம் நாள் சாக்கை விலக்கினால் வாஷ்பேசின் இல்லை. வாஷ்பேசின் வடிவத்தில் சாம்பல் நிற மண் குவிந்திருந்தது. அதற்குள் புழுக்கள் நிம்மதியாக இருந்தன. அர்ச்சுனன் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார். “நம்ம களிமண்ணுதான். வேகாதது” என்றார். அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு மகளை வேக வைத்த கதையை யாரிடமும் சொல்லவும் இல்லை.

அம்சவல்லி தராசு வாங்கி நிறுத்துப் பார்த்தாள். கிராப் நோட்டில் எழுதினாள். ஃபியூஸ் கட்டைக்கு மூன்று நாள், டீ கப்புக்கு நான்கு, வாஷ்பேசினுக்கு இருபது. சூளையில் எத்தனை சூட்டில் வெந்திருந்தாலும் புழுவுக்கு எல்லாம் ஒன்றுதான். மறு வருஷம் மாவட்டக் கண்காட்சிக்குப் பிள்ளைகளோடு அதை எடுத்துப் போனாள். நடுவராக வந்தவர் பாதி கரைந்த கப்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “நெசமாத்தான் தின்னுருக்குது. ஆனா பாடத்துல இல்லையேம்மா” என்று திருப்பிக் கொடுத்தார். அரங்கநாதனும் அதையே சொன்னார்: உரம் மட்டும் வையுங்கள், போதும். 1993-லிருந்து அந்தப் பள்ளியின் ஆராய்ச்சி வெறும் மண்புழு உரம் ஆனது. ஆறாவதிலிருந்து எட்டாவது வரை ஒவ்வொரு பிள்ளையும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் பத்துப் புழு வீட்டுக்குக் கொண்டுபோய், கறுப்புத் தாள் சுற்றி, தினம் அளந்து எழுத வேண்டும். பாட்டில்களிலிருந்து புழு இறங்கி அடுப்படி அலமாரிக்குப் போனது. டவுனில் காதில்லாத கப்பில் டீ குடிப்பது சகஜமானது. முதலில் திட்டினார்கள், பிறகு எவர்சில்வருக்கு மாறினார்கள்.

பக்கத்து வீட்டு அம்புஜவல்லி மட்டும் சும்மா விடவில்லை. மழைத் தண்ணீர் அடுப்பில் ஒழுகின அன்றைக்கு வாசலில் வந்து நின்றாள். “ஏண்டி, ஊர்ல பொண்ணுங்க ஆடு வளப்பா, கோழி வளப்பா. நீ எங்கூட்டு ஓட்டத் தின்ன நாக்குப்பூச்சி வளக்கிறியா? இதுக்குத்தான் ஒங்கப்பன் காலேஜுக்கு அனுப்பிச்சானா?”

“ஒனக்குத் தகரம் போட்டுத் தரேன் சித்தி” என்றாள் அம்சவல்லி. “தகரத்த அது தின்னாது.”

போட்டும் கொடுத்தாள். அம்மா வீராயி மட்டும் மனசு ஆறாமல் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் புழுக்களின் பேரில் பிராது எழுதிக் கட்டிவிட்டு வந்தாள். சாமி விசாரித்ததாகத் தெரியவில்லை. தொழிற்பேட்டைக் குப்பைமேடு இரண்டே வருஷத்தில் தரையோடு தரையானது. கால் வைத்தால் கிழிக்கிற உடைந்த பொம்மைகளும் கம்பி மாட்டும் குமிழ்களும் கிடந்த இடத்தில் வழவழப்பான மண் கிடந்தது. யாரோ வந்து கயிறு பிடித்து அளந்து, கல் நட்டு, மனை போட்டார்கள். அது எப்படி மண்ணாச்சு என்று அம்சவல்லியை ஒருவரும் வந்து கேட்கவில்லை.

1994 ஐப்பசியில் பள்ளி பீரோவைப் பெயின்ட் அடிக்க எடுத்துப் போனார்கள். உள்ளே இருந்ததைத் துணியில் மூட்டை கட்டி அலுவலக அறை மூலையில் போட்டிருந்தார்கள். மூன்று நாள் மழையில் கூரை ஒழுகி, இரண்டு கட்டு ஊறி நாறிவிட்டது. “மக்கின ஃபைலு, ஒங்க பூச்சிக்குப் போடுங்க டீச்சர்” என்று கோவிந்தராசு அவற்றை அவள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். அம்சவல்லிக்குத் திருத்த வேண்டிய தாள் தொண்ணூற்றிரண்டு இருந்தது. “அப்படியே உள்ள போடும்மா” என்றாள், தலையைத் தூக்காமல். வீராயி கட்டைப் பிரிக்காமலேயே சிமென்ட் தொட்டிக்குள் வைத்துச் சாணியைப் போட்டாள். தையில் உரம் அள்ளும்போது அடியிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் உறை வந்தது. நாலு ஓரமும் ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத வீராயி அதைக் கழுவிக் கொடியில் காயப்போட்டு, “நல்ல கண்ணாடித் தாளு, வீணாப் போவுது” என்று உரத்தோடு சேர்த்துப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பினாள். கோவிந்தராசு ஒரு ஓரத்தை பிளேடால் அறுத்து, அதற்குள் பெயர் அட்டையைச் செருகினார்: மண்புழு உரம், கவிப்ரியா, ஏழாம் வகுப்பு.

கவிப்ரியா தாளாளரின் பேத்தி. புழு என்று சொன்னாலே கையில் சாக்ஸ் மாட்டிக்கொள்கிற பெண். அந்த வருஷம் தாளாளரே அவளைக் காரில் கண்காட்சிக்கு அழைத்துப் போனார். டீச்சரை அழைத்துப் போகவில்லை. முதல் பரிசு கிடைத்தது. கேடயமும் உர ஜாடியும் பெயர் அட்டையும் தாளாளர் அறைக் கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில் வைக்கப்பட்டன. நின்றுகொண்டிருப்பவர்களுக்கு அந்தத் தட்டை மேசை மறைத்துக்கொள்ளும். டீச்சர்கள் யாரும் அந்த அறையில் உட்கார்ந்ததில்லை.

1997 ஜூன் பதினாறாம் தேதி அவளுக்கு அரசாங்கக் கடிதம் வந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எட்டு வருஷப் பதிவு. பட்டதாரி ஆசிரியர் வேலை. ஜூலை பத்தாம் தேதி, வியாழக்கிழமை, கடலூரில் அசல் சான்றிதழ்களுடன் நேரில் வர வேண்டும், அசல் இல்லாதவர் பெயர் நீக்கப்படும். அம்சவல்லி இரண்டு தடவை படித்துக் காட்டினாள். அர்ச்சுனன் இருமலை அடக்கிக்கொண்டு கேட்டார்.

“கேக்கப் போறியா?”

“கேப்பன்.”

“குடுத்துடுவாங்களா?”

“குடுக்க மாட்டாங்க.”

“அப்பறம் இன்னாத்துக்குக் கேக்கற? இருக்கறதும் பூடும்.”

“கேக்காம இருந்து எட்டு வருசம் என்னாப்பா இருக்குது நம்மகிட்ட?”

அர்ச்சுனன் கொல்லையைப் பார்த்தார். “வாஷ்பேசினே மண்ணாவுதே” என்றார்.

மறுநாள் காலை அவள் எல்லோருக்கும் முன்னால் பள்ளிக்குப் போனாள். கடைசித் தொட்டியில் இருந்த புழு முழுவதையும் தாளாளர் அறையின் வெளிச்சுவரோரமாக, மறுபக்கம் உள்தரை தொடங்குகிற மட்டத்தில் கொட்டி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். அந்த அறைக்குப் போன வருஷம்தான் வெள்ளைப் பீங்கான் ஓடு பதித்திருந்தார்கள். கலெக்டரே வந்தாலும் செருப்பை வெளியே விட வேண்டும் என்பது தாளாளரின் பெருமை. தரைக்கு எத்தனை நாள் என்று கிராப் நோட்டில் இல்லை. வாஷ்பேசின் அளவுக்கு இருபது என்று எடுத்துக்கொண்டாள். ராஜினாமாவை எழுதித் தேதி போடாமல் பைக்குள் வைத்தாள். இருபது நாளும் ஒழுங்காகப் பாடம் எடுத்தாள்.

அப்படித்தான் ஜூலை ஏழாம் தேதி வந்தது. அவள் கேட்டாள். அரங்கநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபமே வராது. அதுதான் அவரிடம் பயப்பட வேண்டிய விஷயம். “இங்க என்னாம்மா கொறச்சல் ஒங்களுக்கு?” என்று ஆரம்பித்தார். அம்சவல்லி எதிரே கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வாசலில் நின்ற கோவிந்தராசு ஒரு அடி பின்னால் போனார்.

“வியாழக்கிழமை கடலூர்ல காட்டணும் சார். பீரோவத் தொறங்க.”

தாளாளர் யோசித்தார். பிறகு கோவிந்தராசுவிடம் சாவியைக் கொடுத்தார். இருபத்தொரு பேருடையது இருந்தது. டிரில் மாஸ்டருடையதும் இருந்தது. அவளுடையது இல்லை. கோவிந்தராசு மூன்றாம் தடவையும் தேடிவிட்டு, நெற்றியைத் துடைத்தபடி சொன்னார்: “அந்த மழையில நனைஞ்ச கட்டுல இருந்துருக்கும் சார். டீச்சர் வூட்டுக்குத்தான் குடுத்தம்.”

அரங்கநாதனுக்கு முகம் தெளிந்தது. “பாத்தீங்களா? நீங்களே தின்னக் குடுத்துட்டு எங்கிட்ட வந்து கேட்டா நான் எங்கம்மா போவன்? டூப்ளிகேட் வாங்கலாம். போலீஸ்ல எழுதி வாங்கணும், பேப்பர்ல போடணும், ஆறு மாசம் ஆவும்.”

அம்சவல்லி அவரைப் பார்க்கவில்லை. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த அறையில் உட்கார்ந்திருந்ததால், அலமாரியின் கீழ்த்தட்டு அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. உர ஜாடி. கேடயம். பெயர் அட்டை. அட்டை மேல் போட்ட உறையின் வலது கீழ்மூலையில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பழுப்புப் பொசுங்கல்.

“தலையத் தூக்காம நாந்தான் போடச் சொன்னன்” என்றாள், யாருக்கும் பதிலாக இல்லாமல். பிறகு, “அண்ணே, அந்தக் கண்ணாடியத் தள்ளுங்க” என்றாள். கோவிந்தராசு தாளாளரைப் பார்த்தார், அப்புறம் தள்ளினார். அவள் உறையை எடுத்து, அட்டையை உருவி மேசை மேல் வைத்தாள். பக்கத்தில் ராஜினாமாவை வைத்து அன்றைய தேதியைப் போட்டாள். “இது ஒங்க பேத்தியோடது சார். இது என்னோடது.”

“வெறும் உறைய வெச்சிக்கிட்டு என்னாம்மா பண்ணுவீங்க?” அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“காட்டுவன்” என்றாள்.

எழுந்தபோது நாற்காலியின் நான்கு காலும் நாலு விரல் ஆழத்துக்கு இறங்கியிருந்தன. வெள்ளைத் தரை அவள் பாரத்தை வாங்கி, பிசைந்த மாவு போல மெத்தென்று அமுங்கியது. நாற்காலியிலிருந்து வாசல் வரை எட்டு அடி வைத்தாள். எட்டும் ஐந்து விரலோடு பதிந்தன. குழியில் ஒரு புழு நெளிந்து மறுபடி உள்ளே போனது. “பாத்துப் போங்க டீச்சர், தரை எளகிருக்குது” என்றார் கோவிந்தராசு, மழைக்காலத்தில் சொல்கிற மாதிரி. அரங்கநாதன் கால் இரண்டையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு, எட்டாம் வகுப்பு அறிவியலுக்கு யாரை அனுப்புவது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே அவள் பாதத்து மண்ணைத் தட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். வியாழக்கிழமை கடலூருக்குப் போவாள். உறையை மேசை மேல் வைப்பாள். அவர்கள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். வெறுங்கையோடு போவது என்றுதான் முதலில் முடிவு செய்திருந்தாள். இப்போது கையில் ஒரு உறை இருந்தது. முதல் பீரியட் முடிந்து மணி அடித்தது. அந்தப் பள்ளியை இருபது நாளாகப் பார்த்து முடித்திருந்தாள். கேட்டைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்க அங்கே ஒன்றும் மீதி இல்லை.