முழுகிப்போட்டு வா

மகள் டொக்டர் என்பதில் என் மனைவி கமலாம்பிகைக்குப் பெருமைதான். எந்த ஆஸ்பத்திரி என்று யாராவது கேட்டால் மட்டும், அது ரொறன்ரோவுக்கு வெளியே என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். துவாரகா வைத்தியம் பார்ப்பது பன்றிகளுக்கு. அதுவும் போதாதென்று பன்றி நலத்தில் ஸ்பெஷலிஸ்ற் ஆவதற்கான போர்ட் சோதனைக்கு வருடக்கணக்காகப் படித்தாள்.

"பண்டியோட சேர்ந்த கண்டும் பீ தின்னும்" என்று பழமொழி சொன்ன கமலாம்பிகை, பிள்ளை பண்ணைக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து அவளைச் சாமியறைக்குள் விட்டதில்லை. எங்கள் வீட்டில் சாமியறை என்பது கோட் கொழுவுகிற அலுமாரிதான். அதற்குத்தான் இவ்வளவு கெடுபிடி! தனக்கென்றால் பனிக்காலத்தில் முகம் கால் கழுவினால் போதும், தலையில் தண்ணீர் ஊற்றி முழுகினால் சளி பிடிக்குமாம். பிள்ளை வெளியே நின்று திருநீறு வாங்குவதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வெள்ளிக்கிழமை சோதனை முடிவு வந்தது. பாஸ். பண்ணையிலிருந்து நேரே வந்தவள் சந்தோசத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அம்மா, இண்டைக்கு நான் விளக்குக் கொளுத்தட்டே?"

நெருப்புப்பெட்டியும் கையுமாக நின்ற கமலாம்பிகை திரும்பிப் பார்த்தாள். "முதல்ல முழுகிப்போட்டு வா."

துவாரகா கோபிக்கவில்லை. பண்ணையில் முழுகிவிட்டுத்தான் வந்தேன் என்றாள். பண்ணைக்குள் போக முன்னரும் முழுக வேண்டுமாம். உடுப்பு, தோடு எல்லாவற்றையும் வெளியே கழற்றி வைத்துவிட்டு, தலையிலிருந்து கால்வரை கழுவி, பண்ணை உடுப்பைப் போட்டால்தான் கதவு திறப்பார்களாம். நம்மிடமிருந்து பன்றிகளுக்கு நோய் தொற்றக் கூடாதே.

கமலாம்பிகைக்கு நம்பமுடியவில்லை. "பண்டியிட்டப் போகவும் முழுகோணுமோ?"

"ஓம் அம்மா. முழுகாட்டி ஒருத்தரையும் விடமாட்டினம்."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அப்ப உன்னை வாசலோடயே திருப்பி அனுப்பியிருப்பினம்" என்றேன் மனைவியிடம்.

என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள். பிறகு தன் காய்ந்த கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். சிரிப்பு வந்ததை மறைக்கத் தெரியவில்லை. சாமியறையை விட்டு வெளியே வந்து, மகளின் கையில் நெருப்புப்பெட்டியை வைத்தாள்.

"நீ கொளுத்து பிள்ளை. நான் முழுகிப்போட்டு வாறன்."

துவாரகா உள்ளே போனாள். முதல் குச்சி அணைந்துபோனது. இன்னொன்றைக் கிழித்தாள். விளக்கு எரியத் தொடங்கியபோது மேல்மாடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.